கைராசி எண்

மாத்திரைக்கு ஆள் தெரியும் என்று கண்டுபிடித்தவர்கள் நல்ல எண்ணத்தில்தான் கண்டுபிடித்தார்கள். ஒரே மாத்திரை, ஒரே அளவு, ஒரே நோயாளி. ஒருவர் கொடுத்தால் வலி முக்கால்வாசி குறைகிறது, இன்னொருவர் கொடுத்தால் கால்வாசிகூடக் குறையவில்லை. கொடுக்கிற கையை உடம்பு நம்பினால், வலியை அடக்கும் சரக்கை அது தானாகவே சுரக்கிறது. நம்பாவிட்டால் சும்மா இருந்துவிடுகிறது. ‘அவருக்குக் கைராசி’ என்று நம் ஊரில் காலம்காலமாகச் சொல்லிவந்ததைத்தான் மணிக்கட்டில் கட்டும் ஒரு பட்டை எண்ணாகக் காட்டியது. அதற்கு அரசாங்கம் வைத்த பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. சனங்கள் கைராசி எண் என்றார்கள்.

எண் என்று ஒன்று வந்துவிட்டால் அதற்கு ஒரு சட்டம் வராமலா இருக்கும்? மருந்துச் சீட்டு எழுதுகிற எவருக்கும் சராசரி குறைந்தது அறுபது இருக்க வேண்டும் என்றார்கள். நியாயமான சட்டம்தான். டாக்டர்களையும் சோதித்தார்கள், எல்லாரும் தேறினார்கள். கொட்டாவி விட்டுக்கொண்டே சோதனைக்கு வந்தவர்கூட எழுபது வாங்கினார். மாட்டிக்கொண்டவர்கள் நர்சுகள்.

மணல்விளை அரசு மருத்துவமனையின் ஸ்டாஃப் நர்ஸ் பெர்சிஸ் அப்படி மாட்டிக்கொண்டவர்களில் ஒருத்தி. வேலை பார்த்துக்கொண்டே நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பை முடித்திருந்தாள். அந்த உரிமம் கையில் வந்தால் டாக்டர் இல்லாத இடத்தில் தானே நோயாளியைப் பார்க்கலாம், தானே மருந்து எழுதலாம். தனி அறை உண்டு, பெயர்ப் பலகை உண்டு. எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள், அதில் அநேகமாக எல்லாரும் தேறிவிடுவார்கள். கைராசிச் சோதனையில் ஒருமுறை விழுந்து, இப்போது இரண்டாம் முறை போயிருந்தாள். மூன்றாவதிலும் விழுந்தால் ரிட்டயர் ஆகும்வரை ஸ்டாஃப் நர்ஸ்தான்.

அவளுக்குப் பெயர்ப் பலகை ஆசை இல்லை என்று சொன்னால் பொய். இருந்தது. அதைவிடப் பெரிதாக ஒரு கோபம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மூச்சிரைப்போடு வந்த லாரி டிரைவர் ஒருவர் அவள் கண்முன்னாலேயே திணறித் திணறிச் செத்தார். போட வேண்டிய ஊசி அவள் கையில் இருந்தது. போடச் சொல்ல வேண்டிய டாக்டர் ஒரு கல்யாணப் பந்தியில் இருந்தார், மேளச் சத்தத்தில் அவருக்கு போன் கேட்கவில்லை. விசாரணையில், உத்தரவு இல்லாமல் ஊசி போடாததற்காக அவளைப் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டை நினைத்தாலே அவளுக்கு உடம்பெல்லாம் எரியும்.

“நாப்பத்தி நாலு” என்றார் சங்கரபாகம். சோதனை அதிகாரி அவர். கெட்ட மனிதர் இல்லை, ஆறுதல் சொல்ல வராது, அவ்வளவுதான்.

“போன தடவையும் இதேதான சார்?”

“போன தடவை நாப்பத்தாறு.”

பெர்சிஸ் உட்கார்ந்துவிட்டாள். “எப்படி சார் கொறையும்? இந்தத் தடவை ஒவ்வொருத்தர்கிட்டயும் எவ்வளவு பதமாப் பேசுனேன்.”

“எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் செய்யுதோம் சிஸ்டர். ஒங்க ஊர்லயே பத்துப் பேரைக் குலுக்கிப்போட்டு எடுத்திருக்கோம். கையில சூட்டுத் தகட்டை வைக்கோம். தாங்குத அளவுக்கு வலிக்கும். நீங்க ஊசி போடுதீய. உள்ள இருக்கது வெறும் உப்புத் தண்ணி, அது அவங்களுக்குத் தெரியாது. வலி எவ்வளவு அடங்குதோ அதுதான் நம்பர். இதுல நான் கூட்டவும் முடியாது, கொறைக்கவும் முடியாது.”

“யாரு சார் ரொம்பக் கொறைச்சது?”

காட்டக் கூடாது. ஆனாலும் திரையை அவள் பக்கம் திருப்பினார். கடைசி வரியில் செல்லக்கனி என்று இருந்தது. இருபத்தொன்பது.

பெர்சிஸுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. செல்லக்கனி பீடி சுற்றுகிறவள். அவளுடைய இரண்டாவது பிரசவம் ஒரு பகல் முழுக்க இழுத்தடித்தபோது கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தவள் பெர்சிஸ். அன்றிலிருந்து செல்லக்கனிக்கு சிஸ்டர் என்றால் தெய்வம். வாரத்துக்கு ஒருநாள் மல்லிகைப்பூ கொண்டுவந்து தானே தலையில் வைத்துவிட்டுப் போவாள்.

“அவ எம்மேல உசுரையே வச்சிருக்கா சார்.”

“மனசு வச்சிருக்கும். ஒடம்பு வைக்கல. நீங்க அந்தம்மாவுக்கு பெட்பேன் வச்சிருக்கீய, துணி மாத்தியிருக்கீய, கஞ்சி ஊட்டியிருக்கீய. அந்த ஒடம்புக்கு நீங்க சொந்தக்காரி. சொந்தக்காரி ஊசி போட்டா யாருக்கு வலி போவும்?”

“அப்போ நான் நல்லாப் பாத்துக்கிட்டதுதான் தப்பா?”

“தப்புன்னு நான் சொல்லல. நம்பர் சொல்லுது.” திரையை மறுபடி தன் பக்கம் திருப்பிக்கொண்டார். “அடுத்த தடவையும் இதே பத்துப் பேர்தான். யாராவது வராம போனா அந்த எடத்துல சைபர் விழும். அதைப் பாத்துக்கிடுங்க.”

வெளியே வேப்பமரத்தடியில் செல்லக்கனி காத்துக்கொண்டிருந்தாள். “என்ன சிஸ்டர், பாஸா?” என்று ஓடிவந்தாள். பெர்சிஸ் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆத்திரத்தில் சொல்லிவிட்டாள். செல்லக்கனி பட்டை கட்டியிருந்த மணிக்கட்டில் இன்னொரு கையால் படபடவென்று அடித்துக்கொண்டாள்.

“சவம் பிடிச்ச ஒடம்பு சிஸ்டர் இது! நான் மனசார நம்புனேன். என் பிள்ளைய மேல சத்தியமா நம்புனேன். அடுத்த தடவ பாருங்க, எப்படியாவது அதை நம்ப வைக்கேன்.”

நம் நாட்டில் ஒரு பரீட்சை வந்தால் அதன் பின்னாலேயே கோச்சிங் சென்டரும் வந்துவிடும். பாளையங்கோட்டையில் ஒரு செல்போன் கடையின் மாடியில் கைராசிக்கு வகுப்பு எடுத்தார் ஆவுடையப்பன். அவர் டாக்டரும் இல்லை, நர்சும் இல்லை. மருந்துக் கம்பெனி ரெப்பாக இருந்து ஓய்ந்தவர்.

“டாக்டர் ரூம் வாசல்ல பையைத் தூக்கிக்கிட்டு நின்னே என் காலம் போயிட்டும்மா” என்றார் பெர்சிஸிடம். “உள்ள போற மூஞ்சியையும் வெளிய வார மூஞ்சியையும் பாத்துக்கிட்டேதான் நிப்பேன். தன்மையாப் பேசுத டாக்டர்கிட்டேருந்து வாரவன் வாசல்லயே சீட்டை மடக்கிக்கிட்டு, ‘இன்னொருத்தர்கிட்டயும் காட்டிருவமா’ம்பான். வள்ளுன்னு விழுத டாக்டர்கிட்டேருந்து வாரவன் பாதி நோவு போயித்தான் வருவான். ‘கோவக்காரரு, ஆனா கைராசிக்காரரு’ன்னு சொல்லுதாவ பாருங்க. அந்த ‘ஆனா’வை எடுத்துப் போட்டுருங்க. கோவத்துலதான் கைராசியே இருக்கு.”

“நான் அப்படிப் பேசுனதே இல்ல அண்ணாச்சி.”

“மொதல்ல இந்த அண்ணாச்சியை விடுங்க. அண்ணாச்சி, அக்கா, தாயி எல்லாத்தையும் விட்டிரணும். ஒறவு சொல்லி ஒரு வார்த்தை கூப்பிட்டீயன்னா பத்து நம்பர் போச்சு. மூஞ்சியைப் பாக்கக் கூடாது, பேப்பரைத்தான் பாக்கணும். காக்க வைக்கணும். என்ன மருந்துன்னு சொல்லக் கூடாது. எல்லாத்தையும் விட முக்கியம், பேசி முடிக்க விடக் கூடாது. பாதியிலயே வெட்டிரணும். முழுசாச் சொல்லி முடிச்சிட்டான்னா அவன் ஒங்களுக்குச் சமமாயிருதான்.”

“பாதியில வெட்டுனா என்ன நோவுன்னு எப்படித் தெரியும்?”

ஆவுடையப்பன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். “அது டெஸ்ட்டுல இல்லம்மா” என்றார்.

பெர்சிஸ் வார்டில் பழகிப் பார்த்தாள். முதலில் நாக்கு புரளவில்லை. குடலிறக்க ஆபரேஷன் முடிந்து அனத்திக்கொண்டிருந்த ஒரு பெரியவரை, “என்னய்யா சும்மா சும்மா கத்துத? நீ ஒருத்தன்தான் ஆபரேஷன் பண்ணியிருக்கியா?” என்று அதட்டிவிட்டு மருந்துத் தட்டைப் பார்த்துக்கொண்டாள். பெரியவர் வாயை மூடிக்கொண்டார். அன்று அவருக்குப் போட்டது வழக்கமாகப் போடுகிற அதே ஊசிதான். அன்றுதான் அவர் நிம்மதியாகத் தூங்கினார்.

“ஏக்கா இப்படிப் பேசுதிய? வாயில்லாப் பூச்சி அவரு” என்றாள் கூட வேலை பார்க்கும் குளோரி.

“அவர் கையில இருக்க பட்டையைப் பாரு. வலி கொறஞ்சிருக்கா, இல்லையா?”

குளோரி பார்த்தாள். குறைந்துதான் இருந்தது.

இதுதான் இந்தக் கதையில் எனக்குப் பொறுக்காத இடம். பெர்சிஸ் நடித்துப் பரீட்சை தேறினாள் என்றால் துப்பிவிட்டுப் போய்விடலாம். அவள் நடிக்க நடிக்க நோயாளிகளுக்கு உண்மையாகவே வலி குறைந்தது. இத்தனை வருடம் தலையைத் தடவி, கையைப் பிடித்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு அவள் செய்ததெல்லாம் வலியை நீட்டித்ததுதான் என்று ஒவ்வொரு நாளும் அந்தப் பட்டை சொன்னது. அவளுக்கு வெட்கமாக இருந்தது. கொஞ்ச நாளில் வெட்கம் போய், அதட்டும்போது ஒரு சுகம் தெரிய ஆரம்பித்தது.

மூன்றாவது சோதனையில் ஒன்பது பேர் முடிந்தபோது சராசரி அறுபத்தொன்றில் நின்றது. கடைசி ஆள் செல்லக்கனி. பழையபடி இருபத்தொன்பது கொடுத்தாளானால் எல்லாம் கீழே போய்விடும்.

செல்லக்கனி உள்ளே வந்தாள். லேசாகக் குனிந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தாள். நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. ஆனாலும் பெர்சிஸைப் பார்த்ததும் முகம் மலர்ந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். சங்கரபாகம் பட்டையைக் கட்டி, தகட்டை வைத்தார்.

“சிஸ்டர், ஒரு வார்த்தை. காலையிலேருந்து வயித்துல இங்ஙன…”

அவள் கை அடிவயிற்றின் வலது பக்கம் போனது. பெர்சிஸ் அதைப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். அந்த இடத்தில் கை போனால் என்ன என்று முதல் வருட நர்சிங் மாணவிக்குக்கூடத் தெரியும். எழுந்து அவளைப் படுக்க வைத்து வயிற்றை அமுக்கிப் பார்க்க வேண்டும். அப்படிச் செய்தால் சோதனை அதோடு முடிந்தது. பெர்சிஸ் மறுபடியும் வெறும் சிஸ்டர் ஆகிவிடுவாள். ஊசி போடும் முன்பே, அவளைப் பார்த்ததற்கே, திரையில் முப்பத்தொன்று என்று துடித்துக்கொண்டிருந்தது.

“வாயை மூடு” என்றாள்.

செல்லக்கனி சிரிப்பு மாறாமலேயே விழித்தாள்.

“கேட்டா மட்டும் பேசு. இது என்ன சந்தக்கடையா? குளிச்சிட்டுத்தான் வந்தியா? கையை நீட்டு.”

செல்லக்கனியின் கண்ணில் தண்ணீர் முட்டியது. தலையைக் குனிந்துகொண்டு கையை நீட்டினாள். பெர்சிஸ் அவள் முகத்தைப் பார்க்காமல் ஊசியைப் போட்டாள். திரையில் எண் ஏறியது. ஐம்பது, அறுபது. சங்கரபாகம் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தார். எழுபத்தெட்டில் நின்றது.

“இப்போ வலி இருக்காம்மா?” என்று அவர் கேட்டார்.

“இல்லய்யா” என்றாள் செல்லக்கனி. பிறகு ஆச்சரியத்தோடு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். “எங்கயுமே இல்லய்யா.” எழுந்து நிமிர்ந்து நடந்து வெளியே போனாள்.

போகட்டும், முடிந்ததும் கூப்பிட்டு வயிற்றைப் பார்த்துவிடலாம் என்றுதான் பெர்சிஸ் நினைத்தாள். அதற்குள் சங்கரபாகம் கை குலுக்கினார். கையெழுத்து, போட்டோ, குளோரி வாங்கிவந்த மஸ்கோத் அல்வா. வெளியே வந்து பார்த்தபோது வேப்பமரத்தடியில் யாரும் இல்லை. வலிதான் போய்விட்டதே என்று சொல்லிக்கொண்டாள். நாளைக்கு ஆள் அனுப்பலாம் என்றும் சொல்லிக்கொண்டாள். மறுநாள் புது வெள்ளைக் கோட்டு தைக்க அளவு கொடுக்கப் போக வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள் உரிமம் வந்ததும் எல்லாம் மாறின. ஸ்டூல் போய்க் கைவைத்த நாற்காலி வந்தது. மேசைமேல் ஒரு திரை. எந்த நோயாளி வந்து உட்கார்ந்தாலும் அவன் மணிக்கட்டு எண் அதில் தெரியும். அறுபதுக்குக் கீழே போய்க்கொண்டே இருந்தால் உரிமத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள். மத்தியானம் டிபன் பாக்ஸோடு நர்சுகள் அறைக்குப் போனாள். பேசிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். குளோரி “மேடம், இங்க ஏன் வந்தீங்க, ரூமுக்கே குடுத்தனுப்புவோமே” என்றாள். பெர்சிஸின் டப்பாவிலிருந்து யாரும் ஒரு வாய் எடுக்கவில்லை. டாக்டர்கள் அறைக்குப் போனால் அங்கே அவளுக்கு அரை டாக்டர் என்று பெயர் வைத்திருந்தார்கள். தன் அறையிலேயே தனியாகச் சாப்பிடப் பழகிக்கொண்டாள்.

செல்லக்கனி இறந்துபோன செய்தி உரிமம் வந்த அந்த வாரத்திலேயே வந்தது. குடல்வால் வீங்கி உடைந்து வயிறு முழுக்கச் சீழ் பரவியிருந்தது. வலி இல்லாததால் வெறும் காய்ச்சல் என்று கஷாயம் வைத்துக் குடித்திருக்கிறாள். நினைவு தப்பிய பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அங்கே ஒன்றும் செய்ய முடியவில்லை. பெர்சிஸ் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வெள்ளைக் கோட்டின் கையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

பிறகு தானாகவே சங்கரபாகத்தைத் தேடிப் போனாள். “அவ எங்கிட்ட சொன்னா சார். நான் பேச விடல. எழுதிக்கிடுங்க.”

“எதை எழுத?” என்றார் அவர். “பேச விடாததுக்கு சட்டத்துல எடமில்லம்மா. டெஸ்ட்டு உப்புத் தண்ணி, அதுல ஒரு கெடுதலும் இல்ல. நம்பர் எழுபத்தெட்டு, இந்த மாவட்டத்துலயே பெருசு. ஒடம்பு அளவுக்கு மீறி நம்பிட்டு. வர வேண்டிய வலியையும் சேத்து அடக்கிட்டு. அது ஒடம்போட தப்பு. நீங்க போயி வேலையைப் பாருங்க.”

தெரு கூடி வரும் என்று பெர்சிஸ் எதிர்பார்த்தாள். நர்ஸ் கையில் ஒரு உயிர் போனால் ஆஸ்பத்திரிக் கண்ணாடி உடையும், கலெக்டர் ஆபீஸ் முன்னால் மறியல் நடக்கும். யாரும் வரவில்லை. செல்லக்கனியின் புருஷன் லிங்கதுரை மட்டும் காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் காலையில் வந்தான். லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். மொட்டை போட்டிருந்தான். விலாவைப் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்தபடி வரிசையில் தன் முறைக்குக் காத்து நின்றான்.

கல்லடைப்பு. துடித்துக்கொண்டிருந்தான். பெர்சிஸ் ஊசியைப் போட்டாள். திரையில் அவன் எண் தொண்ணூறு. அப்படி ஒரு எண்ணை அவள் அதுவரை பார்த்ததில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் முகம் தெளிந்தது. கட்டிலில் எழுந்து உட்கார்ந்து அவளைக் கையெடுத்துக் கும்பிட்டான்.

“அன்னைக்கிக் காலையிலயே வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சுருண்டுதான் கெடந்தா டாக்டரம்மா. போவாத, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவம்னு ஆட்டோவை எடுத்துட்டேன். கேக்கல. நான் போவலன்னா சிஸ்டருக்கு சைபர் போட்டுருவாவன்னு எறங்கி ஓடுனா. வரும்போது எப்படிச் சிரிச்சுக்கிட்டு வந்தாங்கிறீய! ‘சிஸ்டர் என்னைத் திட்டிட்டாவ, வலி பறந்துட்டு, இனி பாஸுதான்’னு தெரு பூராச் சொன்னா. கடைசி வரைக்கும் ஒரு வலி தெரியலையே. பொட்டு வலி இல்லாம போயிட்டா. எல்லாம் ஒங்க கைராசி.”

பெர்சிஸ் எழுந்து அவன் கால்மாட்டில் போய் நின்றாள். இதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை. திட்டட்டும், அடிக்கட்டும், இவன் ஒருவனாவது தன்னைக் குற்றம் சொல்லட்டும் என்று இருந்தது.

“அண்ணாச்சி” என்றாள்.

அவன் திடுக்கிட்டுப் பார்த்தான்.

“அண்ணாச்சி, அவ அன்னைக்கி எங்கிட்ட சொல்ல வந்தா. எடத்தைக்கூட கையை வச்சிக் காட்டுனா. நான்தான்…”

திரையில் தொண்ணூறு எழுபதாகி ஐம்பதாகி இறங்கிக்கொண்டே போனது. லிங்கதுரை விலாவைப் பிடித்துக்கொண்டு முன்னால் மடங்கினான். பல்லைக் கடித்துக்கொண்டு “யம்மா!” என்று அலறினான். கட்டில் கம்பியைப் பிடித்த விரல்கள் வெளுத்தன. ஊசி மருந்து அவன் உடம்புக்குள்தான் இருந்தது. போட்ட கைதான் மாறிப்போயிருந்தது.

“என்ன டாக்டரம்மா… என்ன சொல்லுதீய…” என்றான், கண்ணில் நீர் வழிய.

பெர்சிஸ் திரையைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். பிறகு நாற்காலிக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்து, எதிரே இருந்த காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டாள்.

“ஒண்ணும் சொல்லல. தண்ணி குடிக்காம கல்லை வளத்து வச்சிக்கிட்டு இங்க வந்து கத்துதியா? பேசாம படுல.”

எண் ஏற ஆரம்பித்தது. லிங்கதுரை மெதுவாக மூச்சை விட்டான். கம்பியைப் பிடித்த கை தளர்ந்தது. சற்றுநேரம் கண்ணை மூடிக் கிடந்துவிட்டு எழுந்து, சட்டையைச் சரிசெய்துகொண்டு, சீட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். வாசல் வரைக்கும் போனவன் நின்றான்.

“பிள்ளையளுக்கு ஒரே சளி. நாளைக்கிக் கூட்டிட்டு வரட்டா டாக்டரம்மா? இனிமே அதுவளுக்கும் ஒங்க கைதான்.”

“கூட்டிட்டு வா.”

“மூத்தவ மட்டும் அப்படியே அவ அம்மா. வாயி ஓயாது” என்று சொல்லி லேசாகச் சிரித்தான். “பேச ஆரம்பிச்சா நல்லா அதட்டிருங்க.”

“சரி” என்ற பெர்சிஸ் அடுத்த ஆளுக்கு மணியடித்தாள்.